ஈரலே உயிர், ஈரலே எமன்: ஆழ்கடல் முள் சுறாவின் கதை

புதுதில்லி: இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்புடையது. அதில் 49 விழுக்காடு அந்தமான் நிகோபார் தீவுகளையும் லட்சத்தீவையும் சூழ்ந்த கடல். தலைநகரில் தயாராகும் கோப்புகளில் இந்தக் கடலுக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் அடைமொழி, 'முழுமையாகப் பயன்படுத்தப்படாத வளம்' என்பதாகும். 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவிக்கை செய்த பிரத்யேகப் பொருளாதார மண்டல மீன்வள விதிகளும் இந்த எண்ணத்தின் மீதுதான் எழுப்பப்பட்டுள்ளன. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீனவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை, இயந்திரப் படகுகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு, அயல்நாட்டுக் கப்பல்களுக்கு இடமில்லை என்று பல ஏற்பாடுகள் அவற்றில் உள்ளன. மீனவர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த சில அம்சங்கள் இவற்றில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், 'பயன்படுத்தப்படாத' அந்தக் கடலின் அடியில் வாழும் ஓர் உயிரினம் ஏற்கெனவே மிதமிஞ்சிப் பயன்படுத்தப்பட்டுவிட்டது. அதன் பெயர் கல்பர் சுறா. அறிவியலாளர் இதன் பேரினத்தை 'சென்ட்ரோபோரஸ்' என்பர். கிரேக்க மொழியில் இதற்கு 'முள் தாங்கி' என்று பொருள். முதுகில் உள்ள இரண்டு துடுப்புகளின் முன்னும் பள்ளம் விழுந்த கூரிய முள் ஒன்று நிமிர்ந்து நிற்பதால் வந்த பெயர் இது.

பச்சைக் கண், முள் முதுகு

சுறா என்றதும் நினைவுக்கு வருகிற வேட்டை மிருகத்தின் உருவம் இதற்கு இல்லை. பெரும்பாலான இனங்கள் ஒரு மீட்டர் நீளத்தை ஒட்டியவை. மிகப் பெரிய இனமும் ஆளுயரத்தைத் தாண்டுவது அரிது. சாம்பலும் பழுப்புமான உடல், தட்டையான மூக்கு, மார்புத் துடுப்பின் பின்மூலையில் வால்போல் நீண்ட ஒரு கூர்முனை ஆகியவை இதன் அடையாளங்கள். பல சுறாக்களுக்கு வயிற்றின் பின்புறம் இருக்கும் குதத்துடுப்பு இதற்குக் கிடையாது. மேல்தாடைப் பற்களைவிடக் கீழ்தாடைப் பற்கள் பெரியவை. ஒன்றையொன்று ஒட்டி அமைந்து கத்தியின் விளிம்புபோல் செயல்படுபவை. ஆழத்தில் திரியும் சிறு மீன்கள், கணவாய், இறால் ஆகியவை இதன் உணவு.

முகத்தில் முதலில் கண்ணில் படுவது அதன் கண்தான். உடலின் அளவுக்கு மிஞ்சிய பெரிய, பச்சை ஒளிரும் கண்கள். விழித்திரையின் பின்னே கண்ணாடிபோன்ற ஒரு படலம் உள்ளது. முதன்முறை விழித்திரையைக் கடந்துபோன ஒளியை அது திருப்பியடித்து, இரண்டாம் முறை பார்க்கும் வாய்ப்பை அளிக்கிறது. இருட்டில் பூனையின் கண் மின்னுவதும் இந்த அமைப்பினால்தான். 200 மீட்டருக்குக் கீழே பயிரினம் வளரப் போதுமான சூரிய ஒளி கிடையாது. 1,000 மீட்டரைத் தாண்டினால் சூரிய ஒளியே இல்லை. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட மங்கலான நீல உலகமே கல்பர் சுறாக்களின் முதன்மையான இருப்பிடம். சில இனங்கள் அதற்கும் கீழே செல்கின்றன. அங்கே எஞ்சியிருக்கும் வெளிச்சம், மேலிருந்து கசியும் நீல ஒளியும் உயிரினங்கள் தாமே உமிழும் மினுக்கமும் மட்டுமே.

கண்டத்தின் விளிம்பில் கடலடித் தரை திடீரெனச் சரிந்து ஆழத்திற்கு இறங்குமிடம் கண்டச் சரிவு எனப்படும். தீவுகளைச் சுற்றியும், கடலடி மலைகளைச் சுற்றியும் இத்தகைய சரிவுகள் உண்டு. அந்தமான் தீவுகள் உண்மையில் கடலில் மூழ்கிய ஒரு மலைத்தொடரின் முகடுகள் என்பதால், கரையிலிருந்து சற்றே விலகினாலும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வந்துவிடுகிறது. லட்சத்தீவும் அவ்வாறே. கல்பர் சுறாக்கள் இந்தச் சரிவுகளை ஒட்டி, தரைக்குச் சற்று மேலே நீந்தித் திரிகின்றன. ஆஸ்திரேலியக் கடலில் ஒலிக்கருவி பொருத்தி ஆராயப்பட்ட ஓர் இனம், பகலில் ஆழத்தில் தங்கி, இரவில் இரை தேடிச் சரிவில் மேலேறி வருவது தெரியவந்தது.

அங்குள்ள நீர் குளிர்ந்தது. மேற்பரப்பில் 28 டிகிரியாக இருக்கும் வெப்பநிலை, 500 மீட்டரில் சுமார் 10 டிகிரியாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 800 மீட்டரில் உடலை நாலாபுறமும் நெருக்குவது 80 மடங்கு அழுத்தம். அரபிக்கடலின் நடு ஆழத்திலோ, உலகிலேயே மிகத் தடிமனான பிராணவாயு வறட்சி அடுக்குகளுள் ஒன்று பரவிக் கிடக்கிறது. இரையும் அங்கே அரிது. இத்தகைய இடத்தில் வாழ வேண்டுமானால் ஓடியாடிச் சக்தியை வீணாக்க முடியாது. கல்பர் சுறாவின் உடலமைப்பு முழுவதும் இந்தச் சிக்கனத்திற்குக் கட்டுப்பட்டே அமைந்திருக்கிறது.

மிதக்கும் கணக்கு

தசையும் எலும்பும் கடல்நீரைவிட எடைமிக்கவை. ஆகவே எந்த மீனும் சும்மா இருந்தால் மூழ்கத்தான் செய்யும். எலும்பு மீன்கள் இதற்கு வைத்திருக்கும் வழி காற்றுப்பை. சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. மேல்மட்டத்தில் திரியும் சுறாக்கள் இடைவிடாது நீந்தி, மார்புத் துடுப்புகளை விமானத்தின் இறக்கைபோல் பயன்படுத்தி உயரத்தைக் காத்துக்கொள்கின்றன. ஆழத்தில் வாழும் கல்பர் சுறா அந்தச் செலவைத் தாங்காது. அது எண்ணெயை நம்புகிறது.

இதன் கல்லீரல் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இருக்கும். வயிற்றைக் கீறினால் வேறு உறுப்பு ஏதும் கண்ணில் படாத அளவுக்கு வெளிர்நிற ஈரல் நிறைந்து கிடக்கும். அந்த ஈரலின் எண்ணெயில் பெரும்பகுதி ஸ்குவாலீன் என்னும் நீர்மம். 30 கரி அணுக்களும் 50 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட இந்தப் பொருளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுறா எண்ணெயில் கண்டறிந்தவர் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,026 கிராம். ஒரு லிட்டர் ஸ்குவாலீனின் எடை சுமார் 860 கிராம். வேறுபாடு 165 கிராமுக்கு மேல். அதாவது ஈரலில் உள்ள ஒவ்வொரு லிட்டர் எண்ணெயும், நீருக்குள் அந்த அளவு கனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சாதாரண மீன் எண்ணெய்க்கு இதில் மூன்றில் இரண்டு பங்கு திறனே உண்டு.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. காற்றுப்பை உள்ள மீனை ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்தால், அழுத்தம் குறைந்து காற்று விரிந்து, இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடும். எண்ணெயோ அழுத்தத்தால் பெரிதாகச் சுருங்குவதும் இல்லை, விரிவதும் இல்லை. இதனால் நூற்றுக்கணக்கான மீட்டர் மேலும் கீழும் சென்றுவர கல்பர் சுறாவுக்குத் தடையில்லை. பஞ்ச காலத்தில் அதே ஈரல் உணவுக் களஞ்சியமாகவும் உதவுகிறது.

இயற்கை இவ்வளவு பொறுமையாகச் சேமித்துவைத்த எண்ணெய்தான் சுறாவுக்கு எமனாகவும் வந்தது. ஸ்குவாலீனைப் பதப்படுத்தினால் கிடைக்கும் ஸ்குவாலேன், தோலில் பிசுக்கில்லாமல் படியும். முகப்பூச்சு, உதட்டுச்சாயம் முதலியவற்றில் அதற்குத் தனி மதிப்பு. சத்து மாத்திரை என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. சில காய்ச்சல் தடுப்பூசிகளில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளாகவும் அது சேர்க்கப்படுகிறது. 2020இல் கொரோனா தடுப்பூசிகளுக்காகச் சுறாக்கள் கொல்லப்படும் என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. இந்தியாவில் கோடிக்கணக்கானோருக்குச் செலுத்தப்பட்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் ஸ்குவாலீன் கிடையாது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. தடுப்பூசியைக் காட்டிலும் ஒப்பனைப் பொருள்களே இந்த எண்ணெயின் பெரும் வாடிக்கையாளர்கள். ஒரு டன் ஸ்குவாலீனுக்குச் சுமார் 3,000 சுறாக்கள் தேவைப்படும் என்பது கடல் பாதுகாப்பு அமைப்புகளின் கணக்கு.

இத்தனைக்கும் இந்தப் பொருள் சுறாவின் தனிச்சொத்து அல்ல. மனித உடலும் கொழுப்பை உருவாக்கும் வழியில் ஸ்குவாலீனைத் தயாரிக்கிறது; நம் தோலின் எண்ணெய்ப் பசையில் அது இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் உண்டு, கீரை விதையில் உண்டு. கரும்புச் சர்க்கரையை நொதிக்கச் செய்தும் இன்று பெறப்படுகிறது. 2008ஆம் ஆண்டு யூனிலீவர், லோரியல் ஆகிய பெருநிறுவனங்கள் சுறா ஸ்குவாலீனைக் கைவிடுவதாக அறிவித்தன. ஆயினும் சந்தை நின்றுவிடவில்லை.

இரண்டாண்டுக் கர்ப்பம்

இந்தச் சுறாவின் இனப்பெருக்கத்தை அறிந்தால்தான் வேட்டையின் விளைவு விளங்கும். நெத்தலியும் மத்தியும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, ஓரிரு ஆண்டில் தலைமுறையைப் புதுப்பித்துக்கொள்பவை. கல்பர் சுறா முட்டையைக் கடலில் இடுவதில்லை. வயிற்றிலேயே பொரித்து, குட்டியாக ஈனுகிறது. தாயின் உடலுடன் தொப்புள்கொடித் தொடர்பு இல்லாததால், குட்டிக்கு வேண்டிய உணவு முழுவதும் முட்டையின் மஞ்சள்கருவில் அடங்கியிருக்க வேண்டும். ஆகவே முட்டை மிகப் பெரியது. விலங்குலகின் மிகப் பெரிய முட்டைகளின் வரிசையில் வைக்கத்தக்கது. மத்தியதரைக் கடலில் ஆராயப்பட்ட ஓர் இனம், சுமார் இரண்டு ஆண்டுகள் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனுவதாகக் கண்டறியப்பட்டது. சில பெரிய இனங்களில் ஐந்து, ஆறு குட்டிகள் வரை இருக்கலாம். யானையின் கர்ப்ப காலமும் ஏறத்தாழ இதே அளவுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இதை 'மீன்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, டன் கணக்கில் இலக்கு வைப்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்பது புலப்படும்.

பெண் சுறா பருவம் எய்தவே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முதுகு முள்ளைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் வளையங்கள்போல் வளர்ச்சி வரிகள் தென்படும். அவற்றை எண்ணித்தான் வயதைக் கணிக்கிறார்கள். இவ்வாறு கணித்ததில், வட அட்லாண்டிக்கில் பிடிபட்ட ஓர் இனத்தில் 70 வயது வரையான சுறாக்கள் இருந்தது தெரியவந்தது.

மூதலீட்டுக்கு வட்டி மிகக் குறைவு என்பதே இதன் பொருள். வட்டியை மீறி எடுத்தால் முதல் கரைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையோரச் சரிவில் 1976-77இல் நடந்த ஆய்வை, அதே முறையில் 1996-97இல் மீண்டும் நடத்தியபோது, அங்கிருந்த கல்பர் சுறா இனங்கள் 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துபோயிருந்தன. இருபதே ஆண்டுகள்! நமக்கு அண்டையிலுள்ள மாலத்தீவில் 1980களில் ஈரல் எண்ணெய் ஏற்றுமதிக்காகத் தொடங்கிய வேட்டை, வெகு விரைவில் உச்சத்தைத் தொட்டு, வெகு விரைவில் சரிந்தது. 2010இல் அந்நாடு சுறா வேட்டைக்கே முற்றாகத் தடை விதித்தது. இந்தத் தடையைத் தளர்த்தி கல்பர் சுறா மீன்பிடிப்பை மீண்டும் தொடங்கப்போவதாக 2025இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. அதற்குப் பரவலான எதிர்ப்பும் எழுந்தது.

கொச்சியில் இறங்கிய சரக்கு

இந்தியக் கடலின் ஆழ்நீர் மீன்களை முதன்முதலில் முறையாகச் சேகரித்தது, ஆங்கிலேயர் காலத்து கடல் அளவைக் கப்பலான 'இன்வெஸ்டிகேட்டர்'. அதில் மருத்துவராகப் பணியாற்றிய ஆல்பிரட் அல்காக், வலையில் ஏறிவந்த விசித்திர மீன்களை வரைந்து, விவரித்து, கொல்கத்தா அருங்காட்சியகத்தில் சேர்த்தார். அதன்பின் நூறு ஆண்டுகள் கழித்தும் ஆழ்கடல் சுறா என்பது அருங்காட்சியகப் பொருளாகவே இருந்தது. 2000க்குப் பின் நிலைமை மாறியது. கொச்சி மீன்பிடித் துறைமுகத்தில் கல்பர் சுறாக்கள் வணிக அளவில் வந்திறங்கத் தொடங்கின. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் அந்தச் சரக்கை இனம்பிரித்து ஆவணப்படுத்தினர். அந்தமானிலும் ஈரல் எண்ணெய்க்காக இவை குறிவைத்துப் பிடிக்கப்பட்டன.

பிடித்தவர்களில் முக்கியமானவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ள தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கடற்கரைக் கிராமத்தவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தூண்டிலில் சுறா பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள் இவர்கள். குஜராத் முதல் அந்தமான் வரை, ஒரு மாதத்திற்கும் மேல் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். நூற்றுக்கணக்கான கொக்கிகள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலைச் சரிவின் அடித்தரை வரை இறக்கும் நுட்பம் இவர்களுக்குக் கைவந்தது. அரசு கோடிகளைச் செலவிட்டு உருவாக்க விரும்பும் 'ஆழ்கடல் மீனவர்' ஏற்கெனவே இங்கே இருக்கிறார். 2017 ஒக்கிப் புயலின்போது எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்து திரும்பி வராமலே போனவர்களும் இவர்களுள் பலர்.

கரைக்கடல் சுறா குறைந்துபோனதால்தான் அவர்கள் ஆழத்திற்குச் சென்றனர். டீசல், ஐஸ், உணவு என ஒவ்வொரு பயணத்திற்கும் லட்சக்கணக்கில் செலவாகும்போது, இறைச்சி விலை போதாது. ஈரல் விலையே கடனைக் கட்டும். முகப்பூச்சு விற்கும் சந்தையின் முனைக்கும் தூண்டில் போடும் முனைக்கும் இடையே உள்ள வருவாய் வேறுபாட்டைப் பேசாமல், மீனவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, நியாயமல்ல.

துடுப்பைப் பார்த்த சட்டம்

தில்லி இந்தச் சிக்கலை ஒருமுறை அவசரமாகக் கையாண்டு கைசுட்டுக்கொண்டது. 2001 மே மாதம் திமிங்கலச் சுறா வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், மீனவர்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல், சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. அதாவது புலியைக் கொல்வதும், சந்தையில் பால்சுறா விற்பதும் ஒரே தரத்துக் குற்றமாயின. எதிர்ப்பு வலுத்ததும், டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருக்கப்பட்டது. வேளா, கங்கைச் சுறா முதலியவை அதில் நிலைத்தன. அந்தப் பத்தில் ஆழ்கடல் இனம் ஒன்றுகூட இல்லை.

அடுத்து வந்த கட்டுப்பாடுகள் துடுப்பைச் சுற்றியே அமைந்தன. உடலிலிருந்து துடுப்பை அறுத்துக்கொண்டு சுறாவைக் கடலில் வீசக் கூடாது என்று 2013இல் கொள்கை வகுக்கப்பட்டது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. இவை தேவையான நடவடிக்கைகளே. ஆனால் கல்பர் சுறாவின் சிறிய துடுப்புக்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. சட்டம் துடுப்பைக் காவல் காத்துக்கொண்டிருந்தபோது, வணிகம் ஈரலை எடுத்துச் சென்றது.

ஆழ்கடலைத் திறந்துவிடும் கொள்கைகளின் வரலாறும் நினைவில் கொள்ளத்தக்கது. 1991இல் கூட்டு முயற்சிக் கப்பல்களுக்குக் கதவு திறக்கப்பட்டபோது, தாமஸ் கோச்சேரி தலைமையில் தேசிய மீனவர் பேரவை நடத்திய போராட்டம் நாடு தழுவியதாக அமைந்தது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட முராரி குழு 1996இல் 21 பரிந்துரைகளை அளித்தது. பின்னர் வந்த அனுமதிக் கடிதத் திட்டமும் எதிர்ப்புகளுக்குப் பின் 2017இல் ரத்தானது. இந்தப் போராட்டங்கள் அனைத்திலும் எழுந்த வினா, 'ஆழ்கடல் யாருக்கு?' என்பதே. அங்கே எவ்வளவு இருக்கிறது, எடுத்தால் மீண்டும் எப்போது நிரம்பும் என்ற வினா பின்வரிசையிலேயே நின்றுவிட்டது.

அந்த வினாவுக்கு உலக அளவில் கிடைத்துள்ள விடை கவலைக்குரியது. 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆழ்கடலில் வாழும் 521 சுறா, திருக்கை இனங்களைப் பரிசீலித்தது. அவற்றில் 60 இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு இனங்கள் ஈரல் எண்ணெய் வணிகத்தில் சிக்கியவை. 800 மீட்டருக்குக் கீழே மீன்பிடிப்பைத் தடை செய்தால் இவற்றிற்குக் கணிசமான புகலிடம் கிடைக்கும் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை.

2025 நவம்பர், டிசம்பரில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் கூடிய சைட்ஸ் மாநாடு, கல்பர் சுறாக் குடும்பம் முழுவதையும் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் சேர்த்தது. இது தடையன்று. ஆனால் இந்தச் சுறாவையோ அதன் எண்ணெயையோ நாடு கடத்தி விற்க வேண்டுமானால், அந்த வணிகத்தால் இனத்திற்குக் கேடில்லை என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் அறிவியல் அமைப்பு சான்றளித்தாக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினச் சட்டத் திருத்தத்தில், சைட்ஸ் பட்டியல் இனங்களுக்கென்றே நான்காம் அட்டவணை ஒன்றும் உண்டு.

சான்றளிக்கக் கணக்கு வேண்டும். கணக்கு துறைமுகத்தில் தொடங்க வேண்டும். முழுச் சுறாவாக வந்தால் முதுகு முள்ளையும் மார்புத் துடுப்பின் கூர்முனையையும் பார்த்து இனத்தைப் பிரித்தறியலாம், பெண்ணா ஆணா, கருவுற்றதா என்று பார்க்கலாம், வயதையும் கணிக்கலாம். நெடும்பயணப் படகில் ஈரல் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, உருக்கிய எண்ணெயாகப் பீப்பாயில் வந்திறங்கினால், அதன் நிறத்தைக் கொண்டு எந்த அதிகாரியும் எதையும் சொல்லிவிட இயலாது. 2025 விதிகளின்கீழ் வழங்கப்படும் அனுமதிச் சீட்டில், ஈரல் நீக்கப்படாத முழு உடலாகவே ஆழ்கடல் சுறாக்களைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.